மது அருந்தி மயங்கியவர் வாயில் பழச்சாற்றை ஊற்றாதீர்கள்

மிதமிஞ்சிக் குடித்து மயங்கிய ஒருவரை அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கி வருபவர்களிடம் "வாய்வழியாக ஏதாவது கொடுத்தீர்களா?" என்று கேட்டால், "ஜூஸ்தான் கொடுத்தோம் டாக்டர், போதை இறங்கட்டும் என்று" என்னும் பதிலே மீண்டும் மீண்டும் வருகிறது. அண்மையில் அப்படி வந்த ஒருவரின் தொண்டையை உறிஞ்சு குழாயால் சுத்தம் செய்தபோது, குழாயின் வழியே ஆரஞ்சுச் சுளையின் நார்த் துணுக்குகள் ஏறி வந்தன. அவர் குடித்த மது மட்டும் என்றால் கண்காணிப்போடு முடிந்திருக்கும். நினைவில்லாதவரின் வாயைப் பிளந்து ஊற்றிய சாறு நுரையீரலுக்குள் இறங்கியதால்தான் அவருக்கு வென்டிலேட்டர் தேவைப்பட்டது.

பழம் தின்றால் போதை தெளியும் என்ற நம்பிக்கை எத்தனை முறை மறுத்தாலும் சாகாமல் இருப்பதால், சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். இரத்தத்தில் கலந்துவிட்ட மதுவை அகற்றும் பெரும்பணியைக் கல்லீரலே செய்கிறது. அதன் நொதிகள் மதுவை முதலில் அசிட்டால்டிஹைடாகவும் பிறகு அசிட்டேட்டாகவும் மாற்றுகின்றன. இதன் வேகம் ஆளுக்கு ஆள் ஓரளவு மாறினாலும், 100 மில்லி இரத்தத்தில் மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் என்ற அளவில்தான் பெரும்பாலோருக்கு மது குறைகிறது. ஆக, 120 மில்லிகிராம் இருப்பவருக்கு அது முழுவதும் நீங்க எட்டு மணி நேரம் ஆகும். எலுமிச்சையின் புளிப்போ, ஆரஞ்சின் வைட்டமின் சி சத்தோ, வாழைப்பழத்தின் பொட்டாசியமோ அந்த எட்டு மணியை இரண்டாக்குவதில்லை. புளிப்பு நாக்கில் பட்டதும் முகம் சுளித்து விழித்துக்கொள்வதைத் தெளிவு என்று எண்ணி வண்டிச் சாவியை எடுப்பவர் எடுத்துச் செல்வது அதே 120 மில்லிகிராமைத்தான்.

இந்த நம்பிக்கைக்கு அறிவியல் ஆதாரம் உண்டு என்று வாதிடுவோர் சுட்டிக்காட்டுவது பழச் சர்க்கரையான ஃப்ரக்டோஸை. அதைக் கொடுத்து மது குறையும் வேகத்தை அளந்த ஆய்வுகள் உண்மையிலேயே உண்டு. சிலவற்றில் வேகம் கூடியது, சிலவற்றில் குறிப்பிடும்படியான மாற்றமில்லை. ஆனால் சில ஆய்வுகளில் கொடுக்கப்பட்ட அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு கிராம். நடுத்தர ஆப்பிள் ஒன்றில் உள்ள ஃப்ரக்டோஸ் பத்து கிராம் அளவே என்பதால், 60 கிலோ எடையுள்ளவர் ஒரே மூச்சில் ஆறு ஆப்பிள் தின்ன வேண்டும். இரத்தக் குழாய் வழியாக ஃப்ரக்டோஸ் ஏற்றிப் பார்த்ததில் இரத்தத்தில் லாக்டிக் அமிலமும் யூரிக் அமிலமும் உயர்ந்ததால், அது வழக்கமான சிகிச்சையாக நிலைக்கவில்லை. மதுவும் யூரிக் அமிலத்தை ஏற்றக்கூடியது என்பதால், அந்த அமிலம் மூட்டுகளில் படிவதால் வரும் கீல்வாதத்தால் கால் பெருவிரல் வீங்கி அவதிப்பட்டவர்கள் மதுவுக்கு மேல் குடம் குடமாக இனிப்புச் சாறு குடிப்பது வலியை விலை கொடுத்து வாங்குவதாகும்.

குடிப்பதற்கு முன் சாப்பிடுவது வேறு விஷயம். மது பெரும்பாலும் சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகிறது. வயிற்றில் உணவு இருந்தால் அது குடலை மெதுவாகச் சென்றடையும், இரத்தத்தில் எட்டும் உச்ச அளவும் குறையும். முழுப் பழத்துக்கும் இதில் ஓரளவு பங்குண்டு. ஆனால் கொழுப்பும் புரதமும் கலந்த முழுச் சாப்பாட்டின் அளவுக்கு அது தாங்காது. வடிகட்டிய சாறு அதிலும் குறைவு. மதுவோடு கலக்கும் பழச்சாறு காரத்தை மறைத்து வேகமாகக் குடிக்க வைக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

பழங்களிலேயே நான் உண்மையில் அஞ்சுவது கிரேப்ஃப்ரூட்டை (திராட்சையன்று, ஆரஞ்சு இனத்தைச் சேர்ந்த கசப்பும் புளிப்புமான பெரிய பழம்), அதுவும் மதுவின் பொருட்டன்று. மதுவும் ஃபெலோடிபின் என்ற இரத்த அழுத்த மாத்திரையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கனடாவில் ஆராய்ந்தவர்கள், மதுவின் சுவையை மறைக்க அந்தப் பழச்சாற்றைச் சேர்த்தார்கள். மருந்தின் அளவு இரத்தத்தில் எதிர்பாராமல் ஏறியதற்குக் காரணம் அந்தச் சாறே என்பது 1991-இல் வெளிவந்தது. குடலில் பல மருந்துகளைச் சிதைக்கும் ஒரு நொதியை அது முடக்குகிறது. கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர்கள் இந்தப் பழத்தைப் பற்றித் தங்கள் மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

மயங்கியவருக்கு எதையும் குடிக்கக் கொடுக்காதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சைக் கவனித்தபடி அவசர ஊர்தியை அழையுங்கள். தட்டி எழுப்பினாலும் எழாதிருப்பது, மூச்சு விட்டு விட்டு வருவது, உடல் சில்லிடுவது ஆகியவற்றைத் "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று விட்டுவிடாதீர்கள்.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்களின் வீட்டாரிடம் மட்டும் ஒரு வேண்டுகோள். மது, கல்லீரல் புதிதாகச் சர்க்கரை தயாரிப்பதைத் தடுப்பதால், குடித்து பல மணி நேரம் கழித்துங்கூட அவர்களுக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். அப்போது வரும் தடுமாற்றமும் உளறலும் போதையைப் போலவே இருக்கும். வாயில் மது வாடை வேறு அடிப்பதால் மருத்துவப் பணியாளர்களே ஏமாறுவதுண்டு. விரலில் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். குறைந்திருந்து, அவர் விழிப்போடு தானே விழுங்கக்கூடிய நிலையிலும் இருந்தால், அந்த நேரத்தில் பழச்சாறு கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள்.