அப்பத்தாவின் கை ஏன் தானாக ஆடியது?

ஒரு திங்கட்கிழமை, ஓ.பி. கூட்டத்துக்கு நடுவே, ஒரு பையன் தன் அப்பத்தாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தான். எழுபதைத் தாண்டிய அம்மா. இடது கையைத் துண்டால் நாற்காலியின் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மணிக்கட்டில் கறுப்புக் கயிறு, நெற்றி நிறைய விபூதி. துண்டை அவிழ்த்ததும் கை தன்பாட்டில் கிளம்பிவிட்டது. தோளிலிருந்து சுழன்று, விரல்கள் விரிந்து மடங்கி, என் மேசையில் இருந்த பேனாக்களைத் தட்டிவிட்டு, மறுபடியும் சுழன்றது. இடது காலும் கூடவே உதறிக்கொண்டிருந்தது. வலது பக்கத்தில் ஒரு குறையும் இல்லை. நினைவும் தெளிவாக இருந்தது.

“யய்யா, இதைக் கொஞ்சம் நிப்பாட்டி விடுய்யா. ஒரு வாய் சோறு திங்க முடியல.”

ஐந்து நாளாக இப்படி. முதலில் வேப்பிலை அடித்திருக்கிறார்கள். அப்புறம் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று யாரோ ஒரு சத்து ஊசி போட்டிருக்கிறார்கள். தூங்கும்போது கை அசையாமல் கிடப்பதைப் பார்த்துவிட்டு, ‘கிழவி வேணும்னே செய்யுது’ என்று வீட்டிலேயே ஒருவர் சொல்லியிருக்கிறார். இந்த வகை அசைவு தூக்கத்தில் அடங்குவது நோயின் குணம். அதை வைத்து நடிப்பு என்று முடிவு கட்டுவது பெரிய பாவம்.

விரலில் குத்திப் பார்த்தோம். சர்க்கரை 486.

கை ஆடுவதற்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று பேரன் கேட்டான். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல மூளையின் தடுப்பு நரம்பணுக்களைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

நரம்பு என்றால் ‘செய்’ என்று உத்தரவு கொண்டுபோகிற கம்பி என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் மூளையின் மேலடுக்கான புறணியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு நரம்பணுவின் வேலை ‘செய்யாதே’ என்று சொல்வது. அவை பயன்படுத்தும் வேதிப்பொருளின் பெயர் காபா. அது மூளையில் இருப்பதை 1950-இல் அமெரிக்க விஞ்ஞானி யூஜீன் ராபர்ட்ஸ் கண்டறிந்தார். இந்தத் தடுப்பு அணுக்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்து அணுக்களைத்தான் அடக்கிவைக்கும் என்று நெடுங்காலம் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. புறணியைப் பொறுத்தவரை அது பெருமளவு சரி. ஆனால் மூளையின் ஒரு பகுதியிலிருந்து கிளம்பி இன்னொரு பகுதிக்குப் போய்த் தடுக்கிற அணுக்களும் ஏராளம். சிறுமூளையின் புர்க்கின்ஜி அணுக்கள் அப்படிப்பட்டவை. 1988-இல் ஹங்கேரிய விஞ்ஞானிகள் தமாஷ் ஃப்ராய்ண்டும் மிக்லோஷ் அண்டாலும், செப்டம் என்ற பகுதியின் காபா அணுக்கள் நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பஸ் வரை நீண்டு, அங்குள்ள தடுப்பு அணுக்களையே தடுப்பதைக் காட்டினார்கள். தடுப்பைத் தடுத்தால் கிடைப்பது விடுதலை. இந்த ஒன்று புரிந்தால் அப்பத்தாவின் கையும் புரிந்துவிடும்.

பையனுக்குக் கண்மாயை வைத்துத்தான் சொன்னேன். கண்மாயில் தண்ணீர் எப்போதும் தயாராக நிற்கிறது. மடைப் பலகை அதை அடக்கி வைத்திருக்கிறது. நீர்பாய்ச்சி வந்து எந்த வயலுக்கு வேண்டுமோ அந்த மடையை மட்டும் தூக்குகிறார். மூளைக்குள்ளும் இதுதான் ஏற்பாடு. தாலமஸ் என்ற பகுதி அசைவுகளைத் தூண்டத் தயாராக நிற்கும் தண்ணீர். குளோபஸ் பாலிடஸ் என்ற பகுதியின் காபா அணுக்கள் பலகை. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அவை விநாடிக்குப் பல பத்து முறை துடித்துத் தாலமஸை அழுத்திக்கொண்டே இருக்கும். ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதிதான் நீர்பாய்ச்சி. அதன் அணுக்களில் 95 சதவீதம் வரை காபா அணுக்கள்தான். அவற்றில் ஒரு கூட்டம் பலகையைத் தூக்கும். இன்னொரு கூட்டம், கொஞ்சம் சுற்றுவழியில், தேவையில்லாத மடைகள் திறந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும். டம்ளரை எடுக்க நினைத்தால் அந்த ஓர் அசைவுக்கு மட்டும் மடை திறக்கிறது. மற்றதெல்லாம் மூடியே இருக்கிறது.

பார்க்கின்சன் நோயில் பலகை இறுகிக்கொள்கிறது. எழுந்து நடக்க நினைத்தாலும் கால் எழும்பாது. அப்பத்தாவுக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிர். சர்க்கரை மிக உயர்ந்து பல நாள் அப்படியே நிற்கும்போது ஸ்ட்ரையேட்டத்தின் அணுக்கள் பாதிக்கப்படலாம். எரிபொருளுக்குத் தட்டுப்பாடு வந்து மூளை தன் காபாவையே செலவழித்துவிடுகிறது என்பது ஒரு விளக்கம். நுண்ணிய ரத்தக் குழாய்களின் பாதிப்பு என்பது இன்னொன்று. எப்படியானாலும் மூடிவைக்கும் ஆள் ஓய்ந்துபோக, கேட்பாரின்றி மடை திறந்துகொள்கிறது. இப்படித் தானாக ஆடும் அசைவைக் கொரியா (chorea) என்போம். சர்க்கரையால் வரும் கொரியாவை வயதான ஆசியப் பெண்களிடம்தான் அதிகம் பார்க்கிறோம்.

சி.டி. ஸ்கேனில் வலப்பக்க ஸ்ட்ரையேட்டம் வெளுத்துத் தெரிந்தது. ரத்தக்கசிவு மாதிரியே இருக்கும், அவசரத்தில் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். சர்க்கரை அளவையும் சேர்த்துப் பார்த்ததால் குழப்பம் தீர்ந்தது. ‘சுகர் மாத்திரை தின்னா கிட்னி போயிரும்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு மூன்று மாதமாக மாத்திரையை நிறுத்தியிருந்தார் என்பது அப்புறம்தான் வெளியே வந்தது. உண்மையில் கிட்னியைக் கெடுப்பது அடங்காத சர்க்கரை. இன்சுலின் போட்டோம், அசைவை அடக்கக் குறைந்த அளவில் ஒரு மாத்திரையும் கொடுத்தோம். நான்காம் நாள் கையைக் கட்ட வேண்டியிருக்கவில்லை. பத்தாம் நாள் தானே டம்ளரைப் பிடித்துக் காபி குடித்தார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது ஒரு பக்கக் கையோ காலோ திடீரென்று தானாக ஆட ஆரம்பித்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சர்க்கரை நோய் இல்லை என்று நினைப்பவர்களுக்கும் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். நோய் இருப்பதே இப்படித்தான் முதலில் தெரியவருவதும் உண்டு. சர்க்கரை சரியாக இருந்தால் சின்னப் பக்கவாதமாக இருக்கலாம், அதற்கும் நேரம் முக்கியம். கட்டிப்போடாதீர்கள். தோல் உரிந்து புண்ணாகும்; சர்க்கரை உள்ளவருக்கு அந்தப் புண் எளிதில் ஆறாது. பக்கவாட்டில் தலையணை வைத்தால் போதும்.

காபா பேச்சு வந்ததால் இன்னொன்று. மதுவும் பல தூக்க மாத்திரைகளும் காபாவின் பிடியைக் கூட்டுபவை. வருடக்கணக்கில் தினமும் குடித்தவரின் மூளை அதற்கேற்ப மாறியிருக்கும். அவர் கார்த்திகையில் மாலை போட்டுச் சட்டென்று நிறுத்தினால், 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரக்கூடும். ஒவ்வொரு வருடமும் இரண்டு மூன்று பேரையாவது பார்க்கிறேன். நிறுத்துவது நல்லதுதான், மாலைக்கு ஒரு வாரம் முன்பே டாக்டரைப் பார்த்து மருந்தோடு நிறுத்துங்கள். தூக்க மாத்திரையையும் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஆன்லைனில் விற்கிற காபா கேப்ஸ்யூலைக் காட்டி ‘இதை வாங்கலாமா சார்?’ என்று கேட்பவர்களுக்கு: விழுங்குகிற காபா ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவது மிகக் குறைவு. காசு மிச்சம்.

மூன்று வாரம் கழித்துப் பேரன் மட்டும் வந்தான். அப்பத்தா கீரை ஆய்கிறாராம். ஸ்கேனில் அந்த வெள்ளைத் திட்டு போய்விட்டதா என்று இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டான். அது மறைய மாதக்கணக்கு ஆகும், கை நின்றுவிட்டதால் இப்போது தேவையில்லை என்றேன். அந்தப் பணத்தில் ஒரு க்ளுக்கோமீட்டர் வாங்கிக்கொண்டு போனான்.