ஹைப்பர்சோம்னியா: மிகையுறக்கம்

இரவில் போதிய நேரம் உறங்கியும் பகலில் விழித்திருக்க இயலாமல் போவதையோ, உறங்கும் நேரமே வழக்கத்தை விஞ்சிவிடுவதையோ ஹைப்பர்சோம்னியா என்று மருத்துவர்கள் குறிப்பிடுகின்றனர். மிகுதியைச் சுட்டும் 'ஹைப்பர்' கிரேக்க முன்னொட்டு. உறக்கம் எனப் பொருள்படும் 'சோம்னஸ்' லத்தீன். இரண்டும் கலந்து உருவான சொல் இது. தூக்கமின்மையைக் குறிக்கும் 'இன்சோம்னியா'வோ முழுக்க லத்தீன்.

மனச்சோர்வு வந்தவருக்குத் தூக்கம் வராது என்பதே பரவலான எண்ணம். பெரும்பாலானோர் அளவில் அது சரியும்கூட. ஆனால் ஒரு சாராருக்கு, குறிப்பாக இளவயதினருக்கு, நேர்மாறாக நிகழ்வதுண்டு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேடு, தூக்கமின்மை, மிகையுறக்கம் இரண்டில் எது ஏறத்தாழ நாள்தோறும் இருந்தாலும் அதை மனச்சோர்வின் அறிகுறிகளுள் ஒன்றாகவே எண்ணுகிறது. இயல்மாறிய மனச்சோர்வு என்னும் வகையில், நாளொன்றுக்கு மொத்தம் 10 மணி நேரமாவது உறங்குவதையோ, நலமாக இருந்தபோது உறங்கியதைவிட 2 மணி நேரமாவது கூடுதலாக உறங்குவதையோ அது மிகையுறக்கமாகக் கொள்கிறது. பசி மிகுவதும் கைகால்கள் ஈயமாய்க் கனப்பதும் இவ்வகையில் உடன்வரக்கூடியவை. 1984இல் மனநல மருத்துவர் நார்மன் ரோசெந்தால் குழுவினர் விவரித்த பருவகால மனச்சோர்விலும், குளிர்காலம் தொடங்கியதும் உறக்கம் நீள்வது அடிக்கடி காணப்படுகிறது.

இத்தகையவர் காலை அலாரத்தை அணைத்துவிட்டு நண்பகல்வரை படுத்திருப்பார். எழுந்த பின்னும் உறங்கிய தெளிவு முகத்தில் இராது. ஆயினும், தூக்க ஆய்வகத்தில் பகல்வேளையில் இருட்டறையில் படுக்க வைத்துச் சோதிக்கும்போது இவர்களில் பலர் விரைவாக உறங்கிவிடுவதில்லை. அவர்களை வாட்டுவது பெரும்பாலும் உறக்கமன்று, எழ முடியாத அயர்வு. ஆகவே அயர்வு, தூக்கக் கலக்கம், மிகையுறக்கம் ஆகிய மூன்றையும் 'ஒரே தூக்கம்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடலாகாது.

தமிழ் நிகராகப் 'பெருந்தூக்கம்' பொருந்தாது. அது சாவையும் நினைவூட்டும். 'மிகைத்தூக்கம்' வழக்கில் எளிது. ஆனால் 'தூங்கு' என்னும் வினைக்குத் தொங்குதல், தாமதித்தல் என்ற பொருள்களும் உண்டு. 'தூங்குக தூங்கிச் செயற்பால' என்னும் குறளில் அது காலந்தாழ்த்துதலையே குறிக்கிறது. சோம்பேறி என்ற பழியை ஏற்கெனவே சுமக்கும் நோயாளிக்கு அந்தச் சாயல் வேண்டியதில்லை என்பதால், 'மிகையுறக்கம்' என்பதையே நான் பரிந்துரைப்பேன்.

இச்சொல் அறிகுறியின் பெயரே, காரணத்தைச் சொல்வதன்று. தைராய்டு சுரப்புக் குறைவு, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், சில மனச்சோர்வு மருந்துகள் ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரக்கூடும் என்பதால், மனத்தைக் காரணமாக்குமுன் மருத்துவர் இவற்றையும் கேட்டறிவார்.