கொஹிஷன் ஃபண்ட்: தமிழில் என்ன சொல்லலாம்?

ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாகச் சேர்ந்த நாட்டுக்கு 'இத்தனை கோடி யூரோ உதவி' என்று செய்தி வரும்போது, மூலத்தில் பல நேரம் உதவி என்ற சொல்லே இருக்காது. 'கொஹிஷன் ஃபண்ட்' என்றிருக்கும். தமிழில் இதைச் சிலர் வளர்ச்சி நிதி என்கிறார்கள், சிலர் ஒருங்கிணைப்பு நிதி என்கிறார்கள். இரண்டும் எனக்கு ஒட்டவில்லை. ஒட்டவில்லை என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன், ஏனென்றால் இந்தச் சொல்லின் வேரே ஒட்டுதல்தான்.

லத்தீனில் 'ஹாயெரேரே' என்றால் ஒட்டியிருத்தல். முன்னால் 'கோ' சேர்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டியிருத்தல். 'அட்' சேர்ந்தால் வேறொன்றின் மேல் போய் ஒட்டுதல். ஆங்கிலத்தில் தயங்குவதைக் குறிக்கும் ஹெஸிடேட் என்ற சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். பேச வந்தவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறதே, அதேதான். பிரெஞ்சில் இன்னும் சுவையான ஒரு விஷயம் உண்டு. ஒரு நாடு ஒன்றியத்தில் சேர்வதற்கு அங்கே 'அதேஸியோன்' என்று பெயர். சேர்ந்தபின் வரும் நிதியின் பெயரில் 'கொயேஸியோன்' இருக்கிறது. முதலில் போய் ஒட்டிக்கொள்வது, அப்புறம் மற்றவர்களோடு ஒட்டாகி நிற்பது. சேர்க்கையும் நிதியும் ஒரே வேரிலிருந்து வந்துவிட்டன.

அரசியலுக்குள் இந்தச் சொல் அழுத்தமாக நுழைந்தது 1986இல். ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்த ஆண்டு அது. கிரீஸ் 1981லேயே வந்துவிட்டது. பணக்கார வடக்கும் ஏழைத் தெற்கும் ஒரே சந்தையில் நின்றால் பலவீனமானவர் நசுங்குவார் என்ற கவலையில், அந்த ஆண்டு கையெழுத்தான 'ஒற்றை ஐரோப்பியச் சட்டம்' என்ற ஒப்பந்தத்தில் 'பொருளாதார, சமூக கொஹிஷன்' என்று எழுதிவைத்தார்கள். 1992இன் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் அதற்கெனத் தனி நிதியம் அமைக்கச் சொன்னது. நபர்வாரித் தேசிய வருமானம் ஒன்றியச் சராசரியில் 90 சதவீதத்துக்குக் கீழே உள்ள நாட்டுக்கு மட்டும் பணம். அதுவும் சுற்றுச்சூழல், போக்குவரத்து ஆகிய இரண்டுக்கு. முதலில் பெற்றவை கிரீஸ், அயர்லாந்து, போர்ச்சுகல், ஸ்பெயின். 2004க்குப் பிறகு போலந்து முதலான புதிய நாடுகள் வரிசையில் வந்தன.

சரி, தமிழுக்கு வருவோம். ஒருங்கிணைப்பு என்பது வேறு வேறு வேலைகளை ஒரு கட்டுப்பாட்டின் கீழ் கொண்டுவருவது. மாவட்ட ஒருங்கிணைப்பாளர் என்று சொல்லிச் சொல்லி அந்தப் பொருள் நிலைத்துவிட்டது. பிணைப்பு பொருத்தம்தான். ஆனால் பணத்தின் பக்கத்தில் வந்தால் நீதிமன்றப் பிணை நினைவுக்கு வந்து தொலைக்கிறது. இயைபு அழகு, யாப்பு படித்தவர்களோடு நின்றுவிடும். உதவி என்பது தப்பு என்றே சொல்வேன். வாங்கும் நாடும் ஒன்றியத்தின் வரவுசெலவுக்குத் தன் பங்கைக் கட்டுகிறது, ஒவ்வொரு திட்டத்திலும் ஒரு பகுதியைத் தானும் போடுகிறது.

என் தேர்வு, ஒட்டுறவு நிதியம். 'அவனோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை' என்று ஊரில் சொல்கிறோமே, அந்த ஒட்டும் உறவும்தான். ஃபண்ட் ஓர் அமைப்பு என்பதால் நிதியம். கைக்கு வரும் பணத்தை மட்டும் சொன்னால் ஒட்டுறவு நிதி. சொந்தச் சொல் எதற்கு என்று கேட்பவர்கள் செக் மொழியைப் பார்க்கலாம். 'சோவுத்ர்ஷ்னொஸ்த்', அதாவது சேர்ந்து பிடித்துக்கொள்ளுதல். போலந்துக்காரர்களும் 'ஸ்புய்னொஷ்ச்' என்று தங்கள் சொல்லையே வைத்துக்கொண்டார்கள். அதன் வேர் பற்றவைத்து இணைப்பதைக் குறிப்பது.

ஒட்டு என்றதும் ஒட்டுமாஞ்செடியும் வருகிறது. கிளை பிடிக்கும்வரை கட்டு இருக்க வேண்டும், பிடித்தபின் அவிழ்த்துவிடலாம். அயர்லாந்து அப்படி வளர்ந்து 2004இல் இந்த நிதியத்திலிருந்து வெளியேறியது. எல்லா ஒட்டும் ஒழுங்காகப் பிடிப்பதில்லை. பல்கேரியா 2007இல் சேர்ந்தது. மறு ஆண்டே, சேர்வதற்கு முன் ஒதுக்கிய ஆயத்த நிதியில் 22 கோடி யூரோவை முறைகேட்டுப் புகார்களால் இழந்தது. அந்த ஆயத்த நிதித் திட்டத்தின் பெயர் 'ஃபார்'. போலந்து, ஹங்கேரி என்ற பெயர்களின் முதலெழுத்துகளோடு செய்த சுருக்கம் அது. பிரெஞ்சில் அதே சொல்லுக்குக் கலங்கரை விளக்கம் என்று பொருள். பெயர் வைத்தவர் ரசனைக்காரர்.

குரோவேஷியா 2013 ஜூலை 1இல் சேர்ந்தது. அதன் தெற்குக் கரையை வரைபடத்தில் பாருங்கள், நாடு அறுந்து கிடக்கும். பொஸ்னியாவின் நேயும் என்ற சிறு கடற்கரைத் துண்டு நடுவில் புகுந்து டுப்ரோவ்னிக் பகுதியைத் தனியாக்கிவிட்டது. வடக்கிலிருந்து சாலை வழியே தன் நாட்டின் தெற்குக்குப் போக, குரோவேஷியர் இரண்டு முறை எல்லைச் சோதனையில் நிற்க வேண்டியிருந்தது. நேயுமைத் தொடாமல் போக, குரோவேஷியாவின் பெல்யேஷாட்ஸ் தீபகற்பத்துக்கு 2.4 கிலோமீட்டர் பாலம் கட்ட ஒட்டுறவுக் கொள்கையின் கீழ் ஒன்றியம் 35.7 கோடி யூரோ கொடுத்தது, தகுதியான செலவில் 85 சதவீதம். 2022 ஜூலையில் பாலம் திறந்தது. இப்போது பாஸ்போர்ட்டை எடுக்காமலே டுப்ரோவ்னிக் போய்ச் சேரலாம்.