குழியில்லாத மேசையில் கியூ பந்து போகும் வழி

குழிகளுள்ள மேசையில் ஆடும் பூலில், ஆடுபவரின் கண் அடிபட்ட பந்தின் பின்னாலேயே போகும். அது குழியில் விழுந்தால் பாதி வேலை முடிந்தது. கேரம் பில்லியர்ட்ஸ் மேசையில் குழியே கிடையாது. மூன்று பந்துகள்தான். நீங்கள் கோலால் அடிக்கும் கியூ பந்து மற்ற இரண்டையும் தொட்டால் ஒரு புள்ளி. த்ரீ-குஷன் ஆட்டத்தில், கடைசிப் பந்தைத் தொடுவதற்கு முன் அது குறைந்தது மூன்று முறை குஷனில், அதாவது மேசையின் ரப்பர் ஓரத்தில், மோதியிருக்கவும் வேண்டும்.

ஆகவே முதலில் கற்க வேண்டியது, மோதிய பிறகு கியூ பந்து எங்கே போகும் என்பதைத்தான். உருளாமல் சறுக்கி வந்து மோதினால், அது மற்றப் பந்தின் பாதைக்கு ஏறக்குறைய 90 பாகையில் விலகும். உருண்டு வந்தால் கதை வேறு. மோதலில் திசை மாறினாலும் முன்சுழற்சி பெரும்பாலும் மிஞ்சுகிறது. அது துணியில் உராய்ந்து பந்தை முன்புறமாக வளைக்கிறது. அந்த வளைவு ஒரு பரவளையம் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் கோரியோலிஸ் 1835-இல் பில்லியர்ட்ஸ் பற்றி எழுதிய நூலிலேயே கணக்கிட்டுக் காட்டிவிட்டார். உருளும் பந்து இலக்கில் கால் பங்கு பட்டாலும் முக்கால் பங்கு பட்டாலும், வந்த திசையிலிருந்து சுமார் 30 பாகைதான் விலகும். குறி சற்றுப் பிசகினாலும் மன்னிக்கும் இந்தக் கோணத்தை விடப் புதியவருக்கு நல்ல துணை இல்லை.

அடுத்தது குஷன். ரப்பர் கண்ணாடியைப் போல நேர்மையானது அல்ல. பந்து திரும்பப்போகும் பக்கமாகவே பக்கச் சுழற்சி கொடுத்தால் கோணம் விரியும். எதிர்ப்பக்கம் கொடுத்தால் சுருங்கும், வேகமும் செத்துவிடும். ஓங்கி அடித்தால் ரப்பர் அமுங்கி, கோணம் இன்னும் குறுகும். பூலில் "தேவையில்லாமல் பக்கச் சுழற்சி வேண்டாம்" என்பார்கள். இங்கே அதுவே அன்றாடக் கருவி.

விளிம்பில் பதித்த குறிகளுக்கு எண் கொடுத்துக் கணக்கிடும் முறையும் உண்டு. மூலையின் எண் 50; அங்கிருந்து புறப்பட்டு மூன்றாவது குஷனில் 20-ஐ அடைய, கழித்துப் பார்த்து, முதல் குஷனில் 30-ஐக் குறிவைக்க வேண்டும். கணக்கு எளிது, ஆனால் துணியின் ஈரம் அதைக் கெடுத்துவிடும். போட்டி மேசைகளில் துணிக்குக் கீழுள்ள கற்பலகைக்கு அடியில் சூடேற்றுவது அதனால்தான். பந்தும் பெரிது: 61.5 மி.மீ.; பூல் பந்து சுமார் 57 மி.மீ.தான்.

பூல்காரர்கள் மறப்பது ஒன்று உண்டு. முதலில் அடிபட்ட பந்து எங்கும் விழுந்து மறைவதில்லை. குஷனில் பட்டுத் திரும்பி, சரியாகப் போய்க்கொண்டிருக்கும் கியூ பந்தை இடித்துத் தள்ளிவிடும். அதன் பாதையையும் முன்கூட்டியே பார்த்து, சற்றுத் தடிப்பாகவோ (நடுவை ஒட்டி) மெல்லியதாகவோ (ஓரத்தை ஒட்டி) படும்படி அடியை மாற்ற வேண்டும்.