அர்பியேரா: மூட்டைத் துணி படமான கதை

அர்பியேரான்னா ஸ்பானிஷ்ல வெறும் கோணித்துணி, அவ்ளோதான். ஆனா சிலியில கோணி மேல கலர் துணியை வெட்டி வச்சு தைக்கிற படத்துக்கும் அதே பேர் ஒட்டிக்கிச்சு. பாடகி வியோலெத்தா பார்ரா 1964லயே பாரிஸ்ல தன்னோட கோணி வேலைப்பாடுகளை கண்காட்சியா வச்சிருக்காங்க, ஆனா சொல்லுக்கு இன்னைக்கு இருக்குற கனம் 1973 செப்டம்பர் 11க்கு அப்புறம் வந்தது. அன்னிக்கு ஜெனரல் பினோசெட் தலைமையில ராணுவம் ஆட்சியைப் புடிச்சுது, ஆளுங்களைத் தூக்கிட்டுப் போக ஆரம்பிச்சாங்க, புருஷனையும் புள்ளையையும் தேடி ஜெயில் ஜெயிலா அலைஞ்ச பொம்பளைங்க தலைநகர் சாந்தியாகோவுல சர்ச் ஆதரவுல ஒண்ணா உக்காந்து தைக்க ஆரம்பிச்சாங்க.

பாத்தா குழந்தைங்க வேலை மாதிரி இருக்கும். மேல ஆண்டிஸ் மலை, பக்கத்துல சூரியன், கீழ கம்பளிநூல் முடி வச்ச குட்டிப் பொம்மைங்க, அதுங்க கையில "எங்கே இருக்காங்க?"ன்னு ஒரு பேனர். சில படத்துல காணாமப் போனவரோட சட்டையையே வெட்டி தைச்சிருப்பாங்க. சிலதுல பின்பக்கம் சின்ன பாக்கெட் வச்சு உள்ள ஒரு துண்டுக் கடிதம். இதையெல்லாம் சர்ச் ஆளுங்க வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புனாங்க, தைச்சவங்களுக்கு அதுல கொஞ்சம் வருமானம்.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? 'கோணி ஓவியம்'னு சொல்லலாம்னா, ஓவியம்னதும் பெயின்ட்தான் ஞாபகம் வருது, இது ஊசிநூல் வேலை. 'சாக்குப்படம்' காதுக்கு நல்லாதான் இருக்கு, ஆனா சாக்குன்னா நமக்கு வேற அர்த்தமும் இருக்கே (அந்த சாக்குக்கு பினோசெட் ஆட்சியில பஞ்சமே இல்ல, தூக்கிட்டுப் போன 119 பேரு வெளிநாட்டுல தங்களுக்குள்ளயே அடிச்சுக்கிட்டு செத்துட்டாங்கன்னு 1975ல கதை கட்டுனாங்க).

என் ஓட்டு 'கோணிப்படம்'. ஏன்னா படம்ங்கிற சொல்லுக்கே பழைய அர்த்தம் துணி, சீலை. துணியில வரைஞ்சது படமாகி, அப்புறம் எதுல வரைஞ்சாலும் படம்னு ஆயிடுச்சு, அதாவது அர்பியேரா போன அதே ரூட்ல நம்ம சொல்லு முன்னாடியே போயிருக்கு.

கூடவே வர்ற இன்னொரு சொல் தெசபரெசிதோ. அதை 'காணாமல் போனவர்'னு எழுதாதீங்க, அவரு தானா எங்கயும் போகல, 'காணாமல் ஆக்கப்பட்டவர்'தான் சரி. அர்பியேராவை மட்டும் முதல் தடவை கோணிப்படம் பக்கத்துல ஒருவாட்டி போட்டுட்டு விட்ருங்க.