"வியாபாரம் எப்படி?" என்று கணினியிடம் கேட்காதீர்கள்

கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்புப் பக்கத்துக் கடைகளுக்கும் அரிசி ஆலைகளுக்கும் கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். எக்செல் அட்டவணையைச் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் ஏற்றினால் தமிழிலேயே கேள்வி கேட்கலாம் என்பது இப்போது பல முதலாளிமாருக்குத் தெரிந்துவிட்டது. நல்ல வசதிதான். ஆனால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "இந்த மாதம் வியாபாரம் எப்படி?" என்பதாகவே இருக்கிறது. கணக்குப்பிள்ளையிடம் கேட்டால், "எதைச் சொல்கிறீர்கள், முதலாளி?" என்று திருப்பிக் கேட்பார். செயலி திருப்பிக் கேட்பது குறைவு. தானாக ஒன்றை ஊகித்துக்கொண்டு, தயக்கமே இல்லாமல் பதில் சொல்லிவிடும்.

பசளைக் கடையை, அதாவது உரக் கடையை, எடுத்துக்கொள்வோம். "ஜனவரி விற்பனை டிசம்பரைவிட ஏன் விழுந்தது?" என்று கேட்டால் போட்டி, விலை, விளம்பரக் குறைவு என்று செயலி வரிசையாகக் காரணம் அடுக்கும். மாரி மழையில் செய்யும் காலபோக நெல் கதிர் தள்ளியபின் எவர் பசளை வாங்க வருவார்? வன்னியில் மாதத்தோடு மாதத்தை ஒப்பிடுவது வீண் வேலை. போகத்தோடு போகத்தை ஒப்பிட வேண்டும். கோடையில் குளத்து நீரை நம்பிச் செய்யும் சிறுபோகம் என்றால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. இரணைமடுக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைப் பார்த்தே எத்தனை ஏக்கர் விதைப்பது என்று முடிவாகிறது. ஆகவே ஏக்கர்க் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இப்படிக் கேளுங்கள்: "சென்ற சிறுபோகத்தில் எத்தனை மூடை யூரியா விற்றோம்? அதற்கு முந்திய சிறுபோகத்தில் எத்தனை? அதில் காசுக்குப் போனது எவ்வளவு, கடனுக்குப் போனது எவ்வளவு?"

கடனைத் தனியாகக் கேட்பதில் காரணம் இருக்கிறது. விதைப்புக் காலத்தில் கொடுத்த பசளைக்கு நெல் வெட்டு முடிந்த பிறகுதான் காசு வரும். காசு வந்த மாதத்தையே விற்பனை மாதம் என்று செயலி எடுத்துக்கொண்டால், கடையில் ஈயாடிய மாதம் அமோக மாதமாகத் தெரியும்.

மூடையில் கேட்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஓர் ஆண்டுக்குள் 69.8 சதவீதம் ஏறியிருந்தது. அந்த ஆண்டு ரூபாய்க் கணக்கில் 40 சதவீதம் வளர்ந்த கடை, உண்மையில் முந்திய ஆண்டைவிடக் குறைவாகவே பொருள் விற்றிருக்கும்.

ஓர் ஆலை முதலாளி என்னிடம், "தம்பி, ஆயிரம் கிலோ நெல்லுக்கு எழுபது கிலோ எங்கே போகிறது என்று இந்தக் கணினியிடம் கேளுங்கள். களஞ்சியத்தில் யாரோ கை வைக்கிறார்கள்," என்றார். வேலையாள் ஒருவரை நிறுத்தும் யோசனையில் இருந்தார். அட்டவணையில் வாங்கிய எடையும் காய்ந்தபின் எடையும் இருந்தன. ஈரப்பதன் இல்லை. வெட்டு இயந்திரம் வயலில் கொட்டியதும் அப்படியே வாங்கிய நெல் அது. ஈரம் 20 சதவீதம் என்று வைத்தால் ஆயிரம் கிலோவில் 200 கிலோ தண்ணீர். களஞ்சியத்துக்கு ஏற்ற 14 சதவீதத்துக்குக் காய்ந்ததும் மிஞ்சுவது ஏறக்குறைய 930 கிலோ. அந்த எழுபது கிலோவை வெயில் கொண்டுபோயிற்று. "திருட்டுப் போகிறதா?" என்பது அட்டவணையிடம் கேட்கக்கூடிய கேள்வியே அல்ல. "இந்த ஈரத்தில் வாங்கிய நெல் 14 சதவீதத்துக்கு வந்தபின் எவ்வளவு இருக்க வேண்டும், எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்கலாம். அதற்கு மேலும் குறைந்தால்தான் ஆளைத் தேட வேண்டும். இப்போது அங்கே நெல் வாங்கும்போதே ஈரப்பதனையும் பதிகிறார்கள்.

எதைக் கேட்பதற்கு முன்பும் திகதிகளைச் சரிபாருங்கள். நாம் நாளை முதலில் எழுதுகிறோம். அமெரிக்க அமைப்பில் விடப்பட்ட கணினி மாதத்தை முதலில் வாசிக்கும். 03/02 என்று பதிந்த பெப்ரவரி மூன்றாம் திகதி விற்பனை மார்ச் இரண்டுக்குத் தாவிவிடும். 13/02 வந்தால் பதின்மூன்றாவது மாதம் இல்லாததால், அதைத் திகதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடக்கூடும். மாதக் கூட்டலில் அந்த வரி விடுபட்டுப்போகலாம். ஆகவே முதலில், "மொத்தம் எத்தனை வரிகள்? முதல் திகதி எது, கடைசித் திகதி எது? திகதியாக வாசிக்க முடியாத வரிகள் எத்தனை?" என்று கேளுங்கள். பதில் வந்தபின், அட்டவணையின் எந்த நிரல்களை (column) கூட்டி அந்தத் தொகை வந்தது என்றும் காட்டச் சொல்லுங்கள். சந்தேகம் என்றால் ஒரே ஒரு நாளின் பற்றுச்சீட்டுகளை எடுத்துக் கையால் கூட்டிப் பாருங்கள்.

கடன் கொப்பியை அப்படியே ஏற்றிவிடாதீர்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் மூன்றையும் நீக்கி, ஆளுக்கொரு எண் போட்டால் போதும், கணக்கு அப்படியே வரும். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும், தன் கடன் விவரம் வெளியே போனது தெரிந்தால் அடுத்த போகத்துக்கு அந்த விவசாயி வேறு கடைக்குத்தான் போவார்.