தோப்பு எலியைப் பாம்புக்குப் போடாதீர்கள்

கோவையில் செல்லப்பிராணிகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன். பால் பைத்தான் (ball python) என்ற வெளிநாட்டு மலைப்பாம்பை வளர்க்கும் பொள்ளாச்சிப் பக்கத்து இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "தோப்புல பொறி வெச்சா எலி விழுதுங்க டாக்டர். எதுக்குங்க காசு குடுத்து வாங்கோணும்?"

வாங்கத்தான் வேண்டும். குரும்பையைக் கடிக்கும் எலிக்காகத் தென்னையின் கொண்டைப் பகுதியில் புரோமடையலோன் என்ற எலி மருந்தைக் கட்டி வைப்பது இங்கே வழக்கம். அதைத் தின்ற எலி அன்றைக்கே சாகாது, சில நாள் உயிரோடு திரியும். மருந்து அதன் ஈரலில் தங்கிவிடும். பாம்போ ஈரலோடு சேர்த்துத்தான் விழுங்குகிறது. நீங்கள் மருந்து வைக்காவிட்டாலும் பக்கத்துத் தோட்டத்தில் வைத்திருக்கலாம். எலி வரப்பு பார்த்து நிற்காது. கோழிப் பண்ணையில் பிடித்த எலியும் வேண்டாம். சால்மோனெல்லாவும் குடற்புழுவும் அதோடு வரும். எலிக்காய்ச்சல், பிடிக்கிற உங்களுக்கே வரலாம்.

"அப்ப கோழிக்கறி போட்டா பத்தாதுங்களா?" பத்தாது. வெறும் கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. அந்தக் குறையை ஈடுகட்ட உடம்பு எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவும். நாளடைவில் தாடை மெலியும், முதுகெலும்பு வளையும். வளைந்த எலும்பை நான் நிமிர்த்த முடியாது. முழு எலியில் எலும்பு கால்சியம் தருகிறது, ஈரல் வைட்டமின் ஏ தருகிறது. அதனால்தான் குடலோடு, முடியோடு முழுசாகக் கொடுக்கச் சொல்கிறோம். பிங்கி என்கிற, கண் திறக்காத எலிக்குஞ்சின் எலும்பு இன்னும் முற்றியிருக்காது. பாம்பு வளர வளர எலியின் அளவையும் கூட்டுங்கள். பாம்பின் உடம்பில் தடித்த இடம் எவ்வளவோ, எலியும் ஏறக்குறைய அவ்வளவு பருமன் இருந்தால் சரி.

எலியை உயிரோடு கூண்டுக்குள் விடுவது எனக்குக் கொஞ்சமும் ஒப்பாத விஷயம். பசியில்லாத பாம்போடு ஒரு ராத்திரி அடைத்துவைத்த எலி, பாம்பின் முதுகைக் கொறித்துவிடும். தோலும் தசையும் போய் எலும்பு தெரிகிற காயத்தைப் பார்த்தால் நீங்களே விடமாட்டீர்கள். எலிக்கும் அது கொடுமைதான்.

தீனிக்கென்றே வளர்த்து, வலியில்லாமல் கொன்று உறையவைத்த எலியை வாங்குங்கள். கவரில் கட்டி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ராத்திரி வையுங்கள். மறுநாள் கவரோடு வெந்நீரில் போட்டு, வெதுவெதுப்பானதும் இடுக்கியில் பிடித்துக் காட்டுங்கள். மைக்ரோவேவ் கூடாது, வெளியே வெந்து உள்ளே பனிக்கட்டியாகவே இருக்கும். சமையல் பாத்திரத்தையும் இதற்கு எடுக்காதீர்கள். அப்புறம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மார்கழிக் குளிரில் பாம்பு தின்னவில்லை என்று பதறி வருகிறவர்கள் உண்டு. முதலில் கூண்டின் சூடான பக்கம் 31, 32 டிகிரி செல்சியஸ் இருக்கிறதா பாருங்கள். சூடு இல்லாமல் செரிக்காது. நல்ல ஆரோக்கியமான பால் பைத்தானே மாதக்கணக்கில் தீனியை ஒதுக்குவதுண்டு. எடை குறையாதவரை வாயைத் திறந்து திணிக்காதீர்கள்.

ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சாரை, மலைப்பாம்பு என நம் ஊர்ப் பாம்பைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு இனமான பால் பைத்தானையும் 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

தின்றபின் இரண்டு நாள் பாம்பைத் தூக்காதீர்கள். கக்கிவிட்டால் உடனே இன்னொரு எலி வேண்டாம். பத்து நாளாவது வயிற்றுக்கு ஓய்வு கொடுத்து, தண்ணீர் மட்டும் வையுங்கள். மறுபடியும் கக்கினால், கக்கியதை ஒரு கவரில் போட்டுப் பாம்போடு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.